படகு பேட்டரி ஒன்றரை ஆண்டிலேயே சோர்ந்துவிடுகிறது: எங்கள் பழக்கம் காரணமா?

கேள்வி (உவரி):
அண்ணன்மாருக்கு வணக்கம். எங்கள் வள்ளத்தில் விளக்குகளுக்கும் ஜி.பி.எஸ். கருவிக்கும் வயர்லெஸ்ஸுக்கும் 12 வோல்ட் ஈய அமில பேட்டரி ஒன்று வைத்திருக்கிறோம். விளக்கு மங்கிய பிறகே சார்ஜ் போடுவது வழக்கம். இரண்டு பேட்டரிகள் இப்படியே போய்விட்டன. தவறு எங்கே?

பதில் 1:
தம்பி, மங்கும்வரை காத்திருப்பதுதான் தவறு. இணைப்பைக் கழற்றிச் சில மணி நேரம் கழித்துப் பார்க்கும்போது ஏறத்தாழ 12.7 வோல்ட் இருந்தால் முழுச் சார்ஜ், 12.2 என்றால் பாதி தீர்ந்துவிட்டது என்று பொருள். அதற்குக் கீழே அடிக்கடி இறக்கினாலும், இறங்கிய பேட்டரியை நாள்கணக்கில் அப்படியே போட்டுவைத்தாலும், தகடுகளில் ஈய சல்பேட் கெட்டியாகப் படிந்து, பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் கரையாமல் நின்றுவிடும். கரையேறியவுடன் சார்ஜரை மாட்டுங்கள். மஞ்சள் விளக்குகளை எல்.இ.டி.க்கு மாற்றினால் சுமை வெகுவாகக் குறையும்.

பதில் 2:
ஆடிக் காற்றில் கடலுக்குப் போகாத நாட்களிலும் பேட்டரி தானாகவே இறங்கும் என்பதால், மாதம் ஒருமுறையாவது முழுச் சார்ஜ் ஏற்றி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். தண்ணீர் அளவைப் பார்த்தீர்களா?

கேட்டவர்:
இப்போதுதான் மூடிகளைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன், அண்ணாச்சி. ஆறு அறைகளில் இரண்டில் தகட்டின் மேல்விளிம்பு வெளுத்து வெளியே தெரிகிறது. போர்த் தண்ணீர் ஊற்றலாமா?

பதில் 2:
கூடவே கூடாது, அதிலுள்ள உப்பு தகட்டைக் கெடுக்கும். வாலைவடிநீர் (டிஸ்டில்டு வாட்டர்) மட்டுமே ஊற்றுங்கள்: இப்போது தகடு மூழ்கும் அளவுக்கு, முழுச் சார்ஜ் ஆன பிறகு குறியீடு வரை.