புதுப்பிப்பு: 100 அம்பியர் மணி பற்றரி போதுமா?

திருகோணமலையில் உள்ள எங்கள் வீட்டுக்கு, சூரிய பனலால் சார்ஜ் செய்யும் 12 வோல்ற்று, 100 அம்பியர் மணி ஈய-அமில பற்றரி ஒன்று போதுமா என்று முன்னர் இங்கு கேட்டிருந்தேன். நீங்கள் சொன்னபடி சாதனம் சாதனமாகக் கணக்கிட்டுப் பார்த்தேன். 50 வாற்று மின்விசிறி 8 மணி நேரம், 9 வாற்று குமிழ்கள் மூன்று 5 மணி நேரம், 10 வாற்று ரவுட்டர் 8 மணி நேரம் எனக் கூட்டினால் 615 வாற்று மணி வருகிறது. இன்வேட்டரில் வீணாவதையும் சேர்த்தால் ஏறத்தாழ 720. ஈய-அமில பற்றரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் குறையும் என்பதால், 100 அம்பியர் மணியின் 1200 வாற்று மணியில் (12 × 100) நம்பி எடுக்கக்கூடியது 600 மட்டுமே. ஆகவே 150 அம்பியர் மணி பற்றரி வாங்கினேன்.

சார்ஜர்தான் கூடுதலாக யோசிக்க வைத்தது. இந்தப் பற்றரிக்கு அதன் அம்பியர் மணி அளவில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 15 அம்பியர் போதும் என்றாலும், பகலில் விசிறியும் ஓடினால் அந்த மின்னோட்டத்தில் ஒரு பகுதி பற்றரிக்குப் போய்ச் சேராது. அதனால் 300 வாற்று பனலுடன் 30 அம்பியர் எம்பிபிடி (பனலிலிருந்து உச்ச மின்சக்தியைப் பெறும் வகை) சார்ஜரைப் பொருத்தி, பற்றரி உற்பத்தியாளர் அனுமதிக்கும் உச்ச அளவைத் தாண்டாதபடி அதன் மின்னோட்டத்தை மட்டுப்படுத்தியுள்ளேன். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றின் வெக்கை படாதிருக்கப் பற்றரியை வடக்குச் சுவரோரம் வைத்து, உப்புக்காற்றுக்காக முனைகளில் வசிலின் பூசியிருக்கிறேன். மாரியில் வெயில் குறையும்போது விசிறியின் தேவையும் குறைந்துவிடுவதால், இன்னொரு பனல் இப்போதைக்கு வேண்டாம்.