45உம் இல்ல, 90உம் இல்ல: என்ன ஃபிட்டிங் போடலாம்?

வணக்கம் அண்ணாமார், அக்காமார். மட்டக்களப்பு கல்லடியில வீட்டுக்குப் பின்னால குசினி ஒண்டு இறக்கிக் கட்டுறம். சிங்கில இருந்து போற 50 மில்லிமீற்றர் வேஸ்ட் பைப் பழைய லைனோட சேர வேணும். பழைய சுவர் மூலைமட்டத்துக்கு இல்ல. அதால பைப்பத் திருப்புற 90 பாகை எல்போவும் பொருந்தல்ல, 45உம் பொருந்தல்ல.

பைப்ப நெருப்புல வாட்டி வளைச்சுத் தாறன் எண்டு வேலை செய்ற பாஸ் நிக்கிறார். எனக்கு விருப்பமில்ல. வளைவுல வெளிப்பக்கம் மெலிஞ்சுபோயிரும், உள்பக்கம் நசுங்கும்.

ஹாட்வெயார்ல நெளி பைப் காட்டினாங்க. எந்தப் பக்கமும் திரும்பும், ஆனா உள்ளுக்கு முழுக்க மடிப்பு. தேங்காய்ப்பூவும் மீன் செதிலும் அதுக்குள்ளதான் போய்க் குந்தும். பேசனுக்கு எண்டா பரவாயில்ல.

ரெண்டு 45 எல்போவ ஒண்டோட ஒண்டு கொழுவித் திருப்பினா 90க்குள்ள எந்தக் கோணமும் எடுக்கலாம். ஆனா பைப் பக்கத்தால விலகும், சரிவும் குழம்பும். அடிக்குக் கால் அங்குலம் இறக்கமாவது வேணுமே.

மற்றது, ரெண்டு பக்கமும் கிளிப் போட்டு இறுக்கிற றப்பர் எல்போ. எங்கட மணல் மாரியில ஊறி இறங்கும், அதுக்கு வளைஞ்சு குடுக்கிற சாமான்தான் நல்லம் எண்டு நினைக்கிறன்.

டவுண், காத்தான்குடி, கல்முனைப் பக்கம் இத வாங்கின ஆக்கள் இருக்கீங்களா? என்ன விலை போகுது? மண்ணுக்குள்ள புதைச்சா இந்த உப்புக்கு கிளிப் தாக்குப்பிடிக்குமா? மழைக்கு முதல் கிடங்க மூட வேணும், தெரிஞ்ச ஆக்கள் கெதியாச் சொல்லுங்க.