மதிப்பீட்டு விவரத்தை வைத்துப் பாடம் நடத்துவது எப்படி? உதவி தேவை

வணக்கம். ஒடுகத்தூர் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். 2022-ல் எண்ணும் எழுத்தும் (தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசிப்பும் கணக்கும் கைவரச் செய்யும் தமிழக அரசுத் திட்டம்) வந்ததிலிருந்து மதிப்பீட்டைச் செயலியில் பதிகிறோம். அரும்பு (தொடக்க நிலை), மொட்டு, மலர் என்று ஒவ்வொரு பிள்ளையின் கற்றல் நிலையும் தெரிந்துவிடுகிறது. அப்புறம்தான் சிக்கல். அரும்பு என்றால் எழுத்தே தெரியவில்லையா, தெரிந்தும் கூட்டி வாசிக்க வரவில்லையா? அதைப் பார்த்து மறுநாள் பாடத்தை எப்படி மாற்றுவது?

எங்கள் மூத்த ஆசிரியை ஒருவர், அருமையாகக் கதை சொல்லி நடத்துவார், ஸ்மார்ட் போர்டைத் தொடவே தயங்குகிறார். அவருக்குக் கூட்டத்தில் வைத்துச் சொன்னால் சரிவராது, பக்கத்தில் இருந்து காட்ட வேண்டும்.

அணைக்கட்டு, குடியாத்தம், வேலூர் பக்கம் இதில் பழகிய ஆசிரியர்கள் யாராவது ஒரு சனிக்கிழமை வர முடியுமா? உங்கள் வகுப்புக் குறிப்பேட்டைப் படமெடுத்து அனுப்பினாலும் பெரிய உதவி. பிள்ளைகள் பெயரை மட்டும் மறைத்துவிடுங்கள்.