கீழாநெல்லிச் சாறும் ஊதா நிறமும்: புதுப்பிப்பு

முந்தைய இழையைப் படிக்காதவர்களுக்கு: கீழாநெல்லிச் சாற்றை எம்சிஎஃப்-7 மார்பகப் புற்றுநோய் செல்கள் மேல் விட்டு எம்டிடி சோதனை செய்தோம் (எம்டிடி என்ற மஞ்சள் சாயத்தை உயிருள்ள செல்கள் ஊதாவாக மாற்றும்; செல்கள் செத்தால் ஊதா குறைய வேண்டும்). அளவைக் கூட்டக் கூட்ட ஊதா நிறம் குறையாமல் ஏறிக்கொண்டே போனது. ஏன் என்று கேட்டிருந்தேன்.

செல்லே இல்லாத குழிகளில் சாற்றையும் எம்டிடியையும் மட்டும் விட்டுப் பார்க்கச் சொன்னார் ஒருவர். பார்த்தோம். அதுவும் ஊதா! எம்டிடியை ஊதாவாக்க உயிருள்ள செல் செய்ய வேண்டிய ஒடுக்க வினையைச் சாற்றில் உள்ள பாலிஃபீனால்கள் என்னும் தாவரச் சேர்மங்களே செய்துவிடுகின்றன. மைக்ரோஸ்கோப்பில் செல்கள் சுருங்கி மிதக்க, நிறத்தை அளக்கும் கருவி மட்டும் வேறு கதை சொன்னது இதனால்தான்.

இப்போது எம்டிடி சேர்க்கும் முன் சாற்றை அகற்றி, உப்புக் கரைசலால் கழுவுகிறோம். கூடவே, செல் புரதத்தில் சாயமேற்றி அளக்கும் எஸ்ஆர்பி முறையும். அதில் அளவு கூடக் கூடச் செல்கள் குறைவது தெளிவாகத் தெரிகிறது. கரைப்பானான டிஎம்எஸ்ஓ மட்டும் விட்ட குழிகளில் பாதிப்பு இல்லை. ஆனால் ஒப்பீட்டுக்கு வைத்த வீரோ செல்களும் (குரங்குச் சிறுநீரகத்தில் இருந்து வந்தவை, புற்றுநோய் செல்கள் அல்ல) கொஞ்சம் சாகின்றன. அதுதான் உறுத்தல்.

"அப்போ கீழாநெல்லி குடித்தால் புற்றுநோய் போகுமா?" என்று கேட்டவர்களுக்கு: ஆய்வகத் தட்டில் உள்ள செல்லைக் கொல்ல உப்பே போதும். பசிபிக் யூ மரப்பட்டையை 1962இல் சேகரித்தார்கள். அதிலிருந்து கிடைத்த டாக்சால் என்ற புற்றுநோய் மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1992இல். சிகிச்சையில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

சரி, அடுத்து சாற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்து, எது வேலை செய்கிறது என்று பார்க்கப் போகிறோம்.