பெயரை விட்டுவிட்டுச் சொல்லை மட்டும் மாற்றலாமா?

எழுவான்கரை டீச்சர்:
டியூஷனுக்கு வரும் பிள்ளை ஒருவர் நேற்று ஊர்க் கட்டுரை கொண்டுவந்தார். எங்கோ எடுத்ததைச் செயலியில் போட்டு, ஒத்தசொல்லால் மாற்றியிருக்கிறார். திருக்கோவில் என்ற ஊரின் பிரதேச செயலகம் 'புனித ஆலய வட்டாரக் காரியாலயம்' ஆகிவிட்டது. அலுவலகத்துக்குக் 'கந்தோர்' என்றாவது வந்திருந்தால் நம்ம ஊர்ச் சொல்லென்று விட்டிருப்பேன். பெரியகல்லாறு என்ற ஊர் 'பெரும் பாறை நதி'. இப்படி மாற்றி எழுதுவதையே பிள்ளைகளுக்குப் பழக்கக் கூடாது, என் கட்சி இதுதான்.

படுவான்கரையான்:
செயலி விட்ட பிழைக்கு முறையை ஏன் ஏசுகிறீர்கள் டீச்சர்? ஊர்ப்பெயர், ஆட்பெயர், நூற்பெயரைத் தொடாதே என்று சொல்லிவிட்டால் சரி. மற்றச் சொற்களை மாற்றட்டும். ஒத்தசொற்களைத் தொகுத்த பழைய நூலான சூடாமணி நிகண்டை மனப்பாடம் செய்து படித்தவர்களின் பிள்ளைகள் நாங்கள். ஒரு பொருளுக்குப் பல சொல் தெரிவது குற்றமா?

எழுவான்கரை டீச்சர்:
தொடாதே என்கிறீர்கள், எதை? ஆங்கிலத்தில் பெயரென்றால் முதலெழுத்துப் பெரிதாக நிற்கும். தமிழில் அந்த அடையாளம் ஏது? கல்முனை ஊரா, கல்லின் முனையா என்று செயலி எப்படி அறியும்? அதற்கு மேல் மட்டக்களப்பில், மட்டக்களப்புக்கு, மட்டக்களப்பார் என்று ஒரே பெயர் பல உருவம் எடுக்கும். நிகண்டையும் இழுத்தீர்கள். அதன் முதல் தொகுதியே தெய்வங்களின் பெயர்தான் அண்ணன்! முருகன், கந்தன், குமரன், வேலன் எல்லாம் அங்கே ஒன்று. பாட்டுக் கட்டுகிறவருக்கு அது வசதி. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரரைச் 'சுயம்புநாதர்' என்று எழுதிப் பாருங்கள். பொருள் அச்சொட்டாக அதேதான். ஆனால் தேரோட்டத்துக்கு எந்தக் கோயிலுக்குப் போவது?

நிந்தவூர்க் காக்கா:
நடுவில் வருகிறேன். 'மட்டக்களப்பு வாவி'யில் வாவி பெயரா, சாதாரணச் சொல்லா? மாற்றினால் ஏரி, குளம் என்று வரும். அது கடலோடு சேரும் உவர்நீர். நம்ம பக்கம் குளம் என்றால் வயலுக்குத் தண்ணீர் தருவது. சரியான சொல் களப்பு என்று போனால், 'மட்டக்களப்புக் களப்பு' என்றல்லவா எழுத வேண்டும்!

படுவான்கரையான்:
பெயரை அப்படியே வைத்தாலும் எல்லாம் சரியாகிவிடாது காக்கா. 1892இல் காரைதீவில் பிறந்தவர் மயில்வாகனம். துறவு பூண்ட பிறகுதான் விபுலாநந்தர். பள்ளிக்கூடத்தில் படித்த பையனை விபுலாநந்தர் என்றால் காலம் குழம்பும். அங்கே பெயரை மாற்றத்தான் வேண்டும். கையால், யோசித்து மாற்றினால் பயிற்சிதானே? இதோ: 'கல்லடிப் பாலம் 1924இல் கட்டப்பட்டது. அது வாவியின் இரு கரையையும் இணைக்கிறது.' நான் எழுதினால்: 'வாவியின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு 1924 முதல் கல்லடிப் பாலத்தில் போய்வருகிறோம்.'

எழுவான்கரை டீச்சர்:
இதில் ஒத்தசொல் எங்கே அண்ணன்? வாக்கியத்தையே புரட்டிவிட்டீர்கள். நானும் அதைத்தானே பிள்ளையிடம் கேட்கிறேன்!

படுவான்கரையான்:
'இணைக்கிறது' போய் 'போய்வருகிறோம்' வந்ததே. சொல் தெரியாமல் வாக்கியத்தை எப்படிப் புரட்டுவது? அதில் நான் இறங்கிவர மாட்டேன்.

நிந்தவூர்க் காக்கா:
அதை விடுங்கள். நம்ம வாவியின் பாடும் மீனை அந்தப் பிள்ளை என்ன செய்தார்?

எழுவான்கரை டீச்சர்:
'இசைக்கும் மச்சம்'. பாடும் மச்சம் யார் உடம்பில் இருக்கிறது என்று வகுப்பே தேடியது. அதற்கு மட்டும் புள்ளி வெட்டவில்லை.