ஏசி/டிசியின் ‘பவர் அப்’ வந்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

மெல்பர்னிலிருந்து:

ராக் கேட்கிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். பழைய ஆல்பங்களைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறோம், ஆனால் ஆஸ்திரேலிய ராக் குழு ஏசி/டிசியின் 2020 ஆல்பமான ‘பவர் அப்’ வந்த சமயத்தில் யார் எங்கே எப்படிக் கேட்டீர்கள் என்று ஒருவரும் எழுதவில்லை, அதனால் நானே தொடங்கி வைக்கிறேன். ஆல்பம் நல்லதா சுமாரா என்ற சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

முன்கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் அந்த நாள் எங்களுக்கு ஏன் அப்படி இருந்தது என்று புரியாது. 2014-ல் தாளக் கிட்டார் வாசித்த மால்கம் யங், முன்னணிக் கிட்டார் வாசிக்கிற ஆங்கஸின் அண்ணன், மறதி நோயால் விலகினார், அவர் இடத்துக்கு அவர்களுடைய இன்னொரு அண்ணனின் மகன் ஸ்டீவி வந்தார். அதே ஆண்டு டிரம்மர் ஃபில் ரட் நியூசிலாந்தில் கைதானார், வழக்கு முடிந்து வீட்டுக்காவல் தண்டனை. 2016 மார்ச்சில், சுற்றுப்பயணத்தின் நடுவே, இனியும் மேடையில் பாடினால் காது முழுக்கப் போய்விடும் என்று டாக்டர்கள் சொல்லிவிட பாடகர் பிரையன் ஜான்சன் நிறுத்திக்கொண்டார், மிச்சக் கச்சேரிகளை கன்ஸ் அண்ட் ரோஸஸ் குழுவின் பாடகர் ஆக்சல் ரோஸ் பாடிக் கொடுத்தார். பேஸ் வாசிக்கிற கிளிஃப் வில்லியம்ஸும் இந்தப் பயணத்தோடு ஓய்வு என்றார். 2017 அக்டோபரில் மூத்தவர் ஜார்ஜ் யங் போனார், ஆரம்பகால ஆல்பங்களைத் தயாரித்துக் கொடுத்த அண்ணன். நாலு வாரம்கூட ஆகவில்லை, நவம்பர் 18 அன்று மால்கமும் போய்விட்டார், 64 வயதில். 1980-ல் வந்த ‘பேக் இன் பிளாக்’ ஆல்பத்தில் வாசித்த ஐந்து பேரில் குழுவில் மிஞ்சியது ஆங்கஸ் ஒருவர்தான். எங்களில் பலர் அத்தோடு மனதைத் தேற்றிக்கொண்டு பழைய தட்டுகளுக்குத் திரும்பிவிட்டோம்.

அப்படி இருக்கும்போதுதான் 2020 அக்டோபர் 7-ஆம் தேதி, ஆல்பத்திலிருந்து முதலில் வெளிவிட்ட பாட்டாக, ‘ஷாட் இன் த டார்க்’ வந்தது. பிரையன், ஃபில், கிளிஃப் மூவரும் திரும்பி வந்திருந்தார்கள். மெல்பர்ன் அப்போது பூட்டிக் கிடந்தது. வீட்டை விட்டு எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கே கட்டுப்பாடு இருந்த நாட்கள். அக்டோபர் கடைசியில்தான் கடைகளைத் திறக்க விட்டார்கள், இரண்டு வாரம் கழித்து, நவம்பர் 13 வெள்ளிக்கிழமை, ஆல்பம்.

அன்று காலையில் ஒரு இசைத்தட்டுக் கடை வாசலில் வரிசையில் நின்றேன். எல்லோர் முகத்திலும் மாஸ்க், உள்ளே ஒரு நேரத்தில் சிலரை மட்டும்தான் விடுகிறார்கள். எனக்கு முன்னால் அறுபதை நெருங்கும் ஒருவர், கூடவே வளர்ந்த மகள். பேச்சுக் கொடுத்தால் மனிதர் 1976-ல் ஸ்வான்ஸ்டன் தெருவில், லாரி மேல் நின்றுகொண்டு பேக்பைப்பும் கையுமாக குழுவின் அப்போதைய பாடகர் பான் ஸ்காட் பாடிப் படம்பிடித்தார்களே, அதைப் பள்ளிக்கூடப் பையனாக நடைபாதையில் நின்று பார்த்தவர். எனக்கு அங்கேயே சிலிர்த்துவிட்டது. அந்த ஊர்வலத்தை வீடியோவில் எத்தனையோ முறை பார்த்தவன் நான், அந்தக் கூட்டத்தில் நின்ற ஒருவர் இதோ பக்கத்தில் நிற்கிறார்.

அவர் பெட்டிப் பதிப்பு முன்பதிவு செய்திருந்தார். கறுப்புப் பெட்டி, பக்கவாட்டில் ஒரு பொத்தான், அதை அழுத்தினால் முகப்பு எழுத்து சிவப்பாக எரியும், உள்ளே இருக்கும் குட்டி ஸ்பீக்கரில் ‘ஷாட் இன் த டார்க்’ ஆரம்பம் ஒலிக்கும். கடைவாசலிலேயே பிரித்து அழுத்திவிட்டார். தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோலத்தான் சத்தம், ஆனாலும் வரிசையில் இருந்த ஒருவரும் பேசவில்லை. மகளிடம் சொன்னார்: “ஆங்கஸைக் கேட்காதே, பின்னால் போகிற தாளக் கிட்டாரைக் கேள். அது மால்கம் போட்டது.” வாசித்தது ஸ்டீவி என்று அவருக்குத் தெரியாதா என்ன? அவர் சொன்னது வேறு. பன்னிரண்டு பாட்டுக்கும் ஆங்கஸ் யங், மால்கம் யங் என்று இரண்டு பேர்தான் போட்டிருக்கிறது. அண்ணனும் தம்பியும் ‘பிளாக் ஐஸ்’ ஆல்பத்துக்கு முந்தைய வருடங்களில் உட்கார்ந்து சேர்த்துவைத்திருந்த துண்டுகளை ஆங்கஸ் தேடி எடுத்துப் பாட்டாக்கியிருக்கிறார். 1980-ல் இறந்த பான் ஸ்காட்டுக்கு அஞ்சலியாக ‘பேக் இன் பிளாக்’ வந்த மாதிரி மால்கமுக்கு இது என்று ஆங்கஸே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

வீட்டுக்குப் போகப் பொறுமை இல்லை, காரிலேயே முழுசாகக் கேட்டேன், மொத்தமே நாற்பது நிமிடத்துக்குக் கொஞ்சம் அதிகம்தான். ‘த்ரூ த மிஸ்ட்ஸ் ஆஃப் டைம்’ வந்தபோது அழுதேன். அவர்களுடைய பாட்டுக்கு அழுவேன் என்று அதுவரை நினைத்ததே கிடையாது, துள்ளத்தானே வைப்பார்கள்! அந்தப் பாட்டில் கோரஸ் குரல்கள் சேரும் இடத்தில் ஒரு இனிமை இருக்கிறது, இவர்களிடம் அபூர்வமாக வருகிற இனிமை. இன்றைக்கும் இந்த ஆல்பத்தில் எனக்கு அதுதான் முதல் பாட்டு.

சரி, உங்கள் கதையைச் சொல்லுங்கள்.

*

வான்கூவரிலிருந்து:

இவர்கள் திரும்பச் சேர்ந்தது எங்களுக்கு இரண்டு வருடம் முன்பே தெரியும்! 2018 ஆகஸ்டில் காஸ்டவுன் பக்கம்தான் எனக்கு வேலை. அங்கேதான் பிரையன் ஆடம்ஸுக்குச் சொந்தமான வேர்ஹவுஸ் ஸ்டூடியோ இருக்கிறது, ‘பிளாக் ஐஸ்’, ‘ராக் ஆர் பஸ்ட்’ இரண்டும் அங்கே பதிவானவைதான். அந்த மாதம் கட்டிடத்தின் பின்பக்கம் பிரையன் ஜான்சனும் ஃபில் ரட்டும் நிற்கிற படங்கள் வெளியே வந்தன, எதிர்ப்பக்கத்திலிருந்து யாரோ எடுத்தது. சாப்பாட்டு நேரத்தில் நானும் போய்ப் பார்த்தேன். பின்சந்தில் ஏழெட்டுப் பேர் மேலே பார்த்தபடி நிற்கிறார்கள், ஒரு பையன் கையில் பழைய தட்டு, கையெழுத்துக்காக. அவர்கள் யாரும் வெளியே வரவில்லை, மூடிய கதவு வழியாகச் சத்தமும் கசியவில்லை. ஆனாலும் அங்கே நின்ற ஒவ்வொருவருக்கும் முகத்தில் சந்தோஷம். பிரையனும் ஃபில்லும் ஒரே இடத்தில் இருக்கிறார்கள் என்றால் என்ன அர்த்தம் என்று யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அதன்பிறகு இரண்டு வருடம் குழுவிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. நடுவில் கொரோனா வந்து எல்லாம் தள்ளிப்போனது. அந்தக் காத்திருப்பைத்தான் என்னால் மறக்க முடியவில்லை, ஆல்பம் வந்த நாளைவிட.

*

சென்னையிலிருந்து:

நான் கிட்டார் சொல்லிக்கொடுக்கிறவன், அதனால் கொஞ்சம் வேறு மாதிரி அனுபவம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன் சார், ஆல்பம் முழுக்க எனக்குப் பிடிக்கவில்லை. முதல் பாதி அபாரம். ‘ரியலைஸ்’, ‘ரிஜெக்‌ஷன்’, ‘ஷாட் இன் த டார்க்’ மூன்றும் அடுத்தடுத்து வரும்போது மூச்சு விட நேரம் இல்லை. ‘டீமன் ஃபயர்’ வேகமும் நன்றாக இருக்கிறது. கடைசி நாலு பாட்டில் இரண்டைக் குறைத்திருக்கலாம். ஆஸ்திரேலியா, பிரிட்டன், அமெரிக்கா எல்லா இடத்திலும் முதலிடம், அமெரிக்காவில் முதல் வாரமே ஒரு லட்சத்துக்கு மேல் என்பதெல்லாம் சரி, அதில் பாதி திரும்பி வந்துவிட்டார்களே என்ற பாசம்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. வகுப்புகள் மறுபடி தொடங்கியபோது பசங்களிடம் ‘ரியலைஸ்’ போட்டுக் காட்டினேன். ஒரு டிரம்ஸ் பையன், நல்ல கை, வேகமான கை, “என்ன சார், எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி இருக்கு” என்றான். சரி வாசி பார்க்கலாம் என்றேன். இரண்டு நிமிடம் தாண்டவில்லை, வேகம் ஏறிவிட்டது. மறுபடி ஆரம்பித்தால் இந்த முறை நடுவில் சும்மா இருக்க முடியாமல் ஒரு உருட்டு போட்டுவிட்டான், அவ்வளவுதான், பாட்டு படுத்துவிட்டது. ஃபில் ரட் அடிக்கிறதில் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும், ஆனால் ஒவ்வொரு அடியும் ஒரு இம்மி பின்தங்கி, சாய்ந்து உட்கார்ந்த மாதிரி விழும், கடைசிவரை அந்த இடத்தை விட்டு நகராது.

கிட்டார் பசங்களுக்கும் இதே கதைதான். மால்கம் கனமான கம்பிகள் போட்டு வாசித்தவர், அவருடைய கிரெட்ஷ் கிட்டாரில் கம்பி அதிர்வைப் பிடிக்கிற பிக்கப்புகளில், கம்பிகளைத் தாங்கும் பாலத்துப் பக்கத்தில் இருக்கிற ஒன்றைத் தவிர மற்றதைக் கழற்றியே எறிந்துவிட்டார். ஆம்ப்ளிஃபயரில் கரகரப்பும் நாம் நினைப்பதைவிடக் குறைவு. ‘டிஸ்டார்ஷன்’ ஏற்றினால் கனம் வரும் என்று பசங்கள் நினைக்கிறார்கள், கனம் வருவது கையிலிருந்து. அதைவிட முக்கியம், அடித்தபிறகு கம்பியைச் சரியான நேரத்தில் அமுக்கி நிறுத்துவது. அந்த இடைவெளி இல்லாவிட்டால் அது ஏசி/டிசியே இல்லை. ஸ்டீவி இதில் அச்சு அசல் சித்தப்பா மாதிரி வாசிக்கிறார், அதைப் போதுமான அளவு யாரும் பாராட்டவில்லை என்பது என் வருத்தம். அவர் தன் பாணியைக் காட்ட ஆசைப்பட்டிருந்தால் இந்த ஆல்பமே நின்றிருக்காது.

அந்த டிரம்ஸ் பையன் இப்போது ‘ரியலைஸ்’ முழுதாக வாசிப்பான். தாளம் காட்டும் மெட்ரோனோம் இல்லாமல்.

*

லண்டனிலிருந்து:

மெல்பர்ன் அண்ணா எழுதினதை வாசிச்சிட்டு நானும் எழுதாமல் இருக்க முடியேல்லை. ஆல்பம் வந்த நாளில் இங்கே இரண்டாவது லொக்டவுன், கடையெல்லாம் பூட்டு, நான் கணினியில் தனியாகக் கேட்டேன், அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. எனக்கு அந்த ஆல்பம் உண்மையில் வந்து சேர்ந்தது 2024 யூலையில், வெம்பிளி ஸ்டேடியத்தில்.

அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அவருக்கு எண்பதுகளிலிருந்து இவர்களைத் தெரியும், நான் சின்னப் பிள்ளையாக இருக்கேக்கை வீட்டில் கசெட் ஓடும். ஃபில் ரட் வரவில்லை, மாட் லாக் டிரம்ஸ், கிளிஃபும் பயணத்துக்கு வரவில்லை, கிறிஸ் சேனி பேஸ். சனம் முழுக்க தலையில் சிவப்பாக மின்னுகிற கொம்பு. நான் பயந்தது ஒன்றுக்குத்தான்: பழைய குழுக்களின் கச்சேரியில் புதுப் பாட்டு தொடங்கினால் சனம் பியர் வாங்க எழும்பிப் போகும், எத்தனையோ இடத்தில் பார்த்திருக்கிறேன். ‘டீமன் ஃபயர்’ தொடக்கத்திலேயே வந்தது, எங்கள் வரிசையில் ஒருவரும் எழும்பவில்லை. ‘ஷாட் இன் த டார்க்’ தொடங்க பக்கத்தில் நின்ற பெடியன், பதினெட்டு இருக்கும், ஒரு சொல் விடாமல் பாடினான். அவனுக்கு இது பழைய குழுவின் புதுப் பாட்டு இல்லை, அவன் இவர்களை முதன்முதலாகக் கேட்டதே இந்தப் பாட்டில்தானாம், பிறகுதான் பின்னுக்குப் போய் ‘பேக் இன் பிளாக்’ கேட்டிருக்கிறான்!

பிரையனுக்கு 76 வயது, சில இடங்களில் மேல் சுருதி எட்டவில்லை. அவர் நிற்கிற இடத்தில் சனம் எடுத்துக்கொண்டது. காது போய்விடும் என்று வீட்டுக்கு அனுப்பிய மனிதர், காதுக்குள் வைக்கிற புதுக் கருவி செய்த ஒருவரோடு சேர்ந்து அதைத் தனக்குப் பொருத்திப் பார்த்துப் பழகி, திரும்ப ஸ்டேடியத்தில் நிற்கிறார். எனக்கு அது போதும். அப்பா திரும்பி வரும்போது ரயிலில் கேட்டது ஒரே கேள்வி: “அந்தப் பக்கம் நின்று அசையாமல் அடிச்சவர் யார்?” ஸ்டீவி என்றேன். “மால்கம் மாதிரியே நிக்கிறார்” என்றார்.

*

மெல்பர்னிலிருந்து:

சென்னை சார், கடைசி நாலு பாட்டைப் பற்றி உங்களோடு எனக்கு ஒத்துப்போகாது, ‘கோட் ரெட்’ இல்லாத ‘பவர் அப்’பை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆனால் ஸ்டீவியைப் பற்றி நீங்கள் எழுதியது எங்கள் எல்லோர் சார்பிலும் எழுதியது. பாசத்தில் வாங்கினார்கள் என்கிறீர்கள். முதல் வாரத்துக்கு அது பொருந்தலாம். லண்டன் தம்பி சொன்ன அந்தப் பதினெட்டு வயதுப் பையனுக்கு என்ன பாசம்? அவனைப் பிடித்தது பாட்டுதான்.

வான்கூவர் நண்பரே, அந்தப் பின்சந்தில் எடுத்த படம் ஏதாவது உங்களிடம் இருக்கிறதா? அப்புறம், 2017 நவம்பர் கடைசியில் சிட்னி செயின்ட் மேரிஸ் கதீட்ரலில் மால்கமின் இறுதிச் சடங்கு நடந்தபோது வெளியே நின்ற தமிழர் யாராவது இங்கே இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். ஒரு வரி என்றாலும் பரவாயில்லை.