அலாரம் ரிமோட்டை அழுத்தினால் பியூஸ் போகிறது: சென்ட்ரல் லொக் வயரிங் உதவி

கேள்வி (வெள்ளவத்தை)

அண்ணைமாருக்கு வணக்கம். கார் கொரோலா 121. சென்ட்ரல் லொக் கம்பனியில் இருந்தே வந்தது, டிரைவர் கதவுச் சுவிட்சை அழுத்தினால் நாலு கதவும் ஒழுங்காக வேலை செய்யும். பஞ்சிகாவத்தையில் ஒரு அலாரம் கிட் வாங்கி, தெரிந்த வயர் பாஸ் (வயரிங் வேலை செய்பவர்) ஒருவரிடம் கொடுத்துப் பொருத்தினேன். ரிமோட்டை அழுத்தினால் சைரன் கத்துகிறது, சிக்னல் லைட் மின்னுகிறது, கதவு மட்டும் அசையவில்லை. வெள்ளை வயரில் இருக்கும் பியூஸ் அந்த நேரமே போய்விடுகிறது. லொக், அன்லொக் இரண்டுக்கும் இதே கதைதான்.

கிட்டில் கதவு லொக்குக்கென்று வெள்ளை, மஞ்சள், ஒரேஞ்ச் என்று இரண்டிரண்டாக ஆறு வயர் இருக்கிறது. பாஸ் செய்திருப்பது: வெள்ளை இரண்டையும் பியூஸ் வழியாக பெட்டரி பொசிட்டிவுக்கு, மஞ்சள் இரண்டையும் கதவுக்குப் போகும் இரண்டு தடித்த வயர்களில் தோல் சீவிச் சுற்றியிருக்கிறார், ஒரேஞ்ச் இரண்டும் டேப் போட்டுச் சும்மா கிடக்கிறது. பெரிய பியூஸ் போட்டால் சரியாகும் என்கிறார். போடலாமா?

பதில் (தெஹிவளை)

இந்த மலிவு கிட் எல்லாம் இப்படித்தான். கழற்றிக் கொடுத்துவிட்டு வேறு வாங்குங்கள்.

பதில் (கொட்டாஞ்சேனை)

தம்பி, பெரிய பியூஸ் மட்டும் வேண்டாம். பியூஸ் சும்மா இருக்க வயர் கருகும். கிட்டிலும் பிழை இருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

தடித்த வயர் என்று சொன்னீர்களே, அதுதான் விஷயம். அது மோட்டர் வயராக இருக்கும். கதவு மோட்டரின் இரண்டு வயரும் ஓய்வில் இருக்கும்போது காரின் சொந்த றிலே (கரண்டால் இயங்கும் சுவிட்ச்) வழியாக எர்த்தில்தான் (பெட்டரி நெகட்டிவோடு சேர்ந்த காரின் இரும்பு உடல்) நிற்கும். லொக் ஆகும்போது ஒன்றுக்கு மட்டும் ஒரு கணம் 12 வோல்ட் வரும், மற்றது எர்த்திலேயே இருக்கும். அன்லொக்கில் எதிர்மாறு. எர்த்தில் நிற்கும் வயரில் அலாரம் 12 வோல்டைத் தள்ளினால் அது மோட்டருக்கு ஏன் போகப்போகிறது? நேரே எர்த்துக்குப் போய் ஷோர்ட் ஆகும். பியூஸ் தன் வேலையைச் செய்திருக்கிறது.

நான் சொல்கிறேன் என்று நம்பாமல் மல்டிமீற்றரை 20 வோல்ட் டீசியில் வைத்து, கறுப்பு முனையைக் காரின் இரும்பு உடலில் பிடித்து அளந்து பாருங்கள். சும்மா இருக்கும்போது 0, கதவுச் சுவிட்சை அழுத்தும்போது மட்டும் 12 வந்து போனால் அது மோட்டர் வயர். சும்மா இருக்கும்போது வோல்டேஜ் இருந்து, அழுத்தும்போது 0 ஆனால் அது சுவிட்சிலிருந்து கொன்ட்ரோல் பொக்சுக்குப் போகும் நெகட்டிவ் ட்ரிகர், அதாவது எர்த்தைத் தொட்டால் லொக்கை இயக்கும் சிக்னல் வயர். ஜப்பான் கார்களில் பெரும்பாலும் இதுதான், உங்களுக்குத் தேவையானதும் இதுதான்.

கிடைத்தால் வெள்ளை இரண்டையும் பொசிட்டிவிலிருந்து எடுத்து எர்த்துக்குக் கொடுங்கள். மஞ்சளில் ஒன்று லொக் ட்ரிகருக்கு, மற்றது அன்லொக் ட்ரிகருக்கு. ஒரேஞ்ச் அப்படியே கிடக்கட்டும். எதற்கும் கிட்டோடு வந்த தாளைப் பாருங்கள், எல்லாக் கிட்டிலும் நிறம் ஒன்றாக இருப்பதில்லை.

ட்ரிகர் கிடைக்காவிட்டால் மோட்டர் வயரை வெட்டித்தான் ஆக வேண்டும். மோட்டர் பக்கம் வெள்ளைக்கு, காரின் பக்கம் ஒரேஞ்சுக்கு, மஞ்சள் பியூஸ் போட்ட 12 வோல்டுக்கு. ஆறு வயரும் வேலை செய்யும், ஆனால் வெட்டி ஒட்டுகிற வேலை அதிகம். ட்ரிகரையே முதலில் தேடுங்கள்.

பதில் (மருதானை)

அண்ணை சொன்னது சரி. இரண்டு விஷயம் மட்டும் சேர்க்கிறேன். பல்பு வைத்த டெஸ்ட் லைட்டால் குத்திப் பார்க்காதீர்கள், அது இழுக்கும் கரண்டில் கொன்ட்ரோல் பொக்ஸ் கெட்டுப்போகலாம். அப்புறம், டாஷ்போர்டுக்குக் கீழே மஞ்சள் உறை போட்ட கனெக்டர் கண்ணில் பட்டால் கை வைக்க வேண்டாம், ஏர்பேக். சுற்றி விட்ட மூட்டுகளை சோல்டர் பண்ணி உறை போடுங்கள். கொழும்புப் புழுக்கத்தில் டேப் பசை விட்டு வழுக்கிக்கொண்டு வந்துவிடும்.

கேள்வி கேட்டவர்

அளந்தேன். தடித்த வயர் இரண்டும் 0, சுவிட்சை அழுத்தும்போது ஒவ்வொன்றிலும் மாறி மாறி 12 எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. மோட்டர் வயரேதான். டிரைவர் கதவின் உள் பலகையைக் கழற்றி சுவிட்சுக்குப் பின்னால் தேடினேன். மெல்லிய வயர் இரண்டு இருந்தன, லொக் அழுத்தினால் ஒன்று 0 ஆகிறது, அன்லொக்குக்கு மற்றது. மஞ்சளை அங்கே மாற்றி, வெள்ளையை எர்த்தில் கொடுத்தேன். நாலு கதவும் ரிமோட்டில் வேலை செய்கின்றன, பியூஸும் நிற்கிறது. பெரிய நன்றி அண்ணை.

இன்னொரு தொல்லை. கதவைச் சாத்திய கையோடு ரிமோட்டை அழுத்தினால் கதவு திறந்திருப்பதாக நினைத்து அலாரம் கத்துகிறது. கொஞ்சம் பொறுத்து அழுத்தினால் பேசாமல் இருக்கிறது.

பதில் (கொட்டாஞ்சேனை)

கதவு சாத்தியும் உள் லைட் மெதுவாகத்தானே அணைகிறது? அலாரத்தின் கதவு வயரை (கதவு திறந்திருக்கிறதா என்று அறியும் வயர்) பாஸ் லைட்டில் இருந்து எடுத்திருப்பார். லைட் அணையும்வரை கதவு திறந்திருப்பதாகவே அதற்குத் தெரியும். அந்த வயரை லைட்டில் இருந்து கழற்றி, கதவு திறந்து மூடுவதை உணரும் சிறு சுவிட்சில் (pin switch) இருந்து வரும் வயரில் கொடுங்கள். ஒவ்வொரு கதவுக்கும் தனி வயர் இருந்தால் கதவுக்கு ஒன்றாக டயோட் (கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடுவது) போட்டுச் சேர்க்க வேண்டும், பட்டைக் கோடு உள்ள முனை சுவிட்ச் பக்கம்.